மலேரியாக்கார ஸ்ரீபனும் காத்தாயி வீட்டு அட்டையும்

ஸ்ரீபன் அண்ணை என்னிடம் ஒரு பொய் சொன்னார். ஒன்பது வருசமாக அந்தப் பொய்யை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். அதனால் எனக்கு வேலை போனது பெரிதில்லை. இரண்டு மாதம் வீட்டில் சும்மா குந்தியிருந்ததும் பெரிதில்லை. என் வண்டியையும் என் மாடுகளையும் என் கையையும் பாவித்து ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, என்னிடம் மட்டும் அதை மறைத்தார். ஏரம்புவை நம்ப ஏலாது என்று நினைத்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தை மாதம் அவர் போய்விட்டார். செத்தவரைப் பற்றிக் கோபத்தோடு எழுதுவது சரியோ தெரியாது. ஆனால் நான் கோபப்படாமல் எழுதினால் அவரே வந்து, "உனக்கு என்னடா, காய்ச்சலோ?" என்று கேட்பார்.

ஸ்ரீபன் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வயிற்றைக் குமட்டும். எத்தனை பழக்கியும் சரிவரவில்லை. பதினாறு வயதில் தமையன், நீ கரையிலேயே நில்லு என்று இறக்கிவிட்டாராம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். "என்னைக் கண்டா மீன் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு வரும், ஏரம்பு. தீன் போடுறவன் வாறான் எண்டு."

கரையில் நின்றவருக்கு அரசாங்க மலேரியாத் தடுப்புப் பகுதியில் வேலை கிடைத்தது. வன்னியில் காய்ச்சலை அடியோடு ஒழிப்பது என்று அரசாங்கம் ஆள் எடுத்த காலம். காக்கிக் காற்சட்டை, முதுகில் மருந்துப் பம்ப், சைக்கிள் கரியரில் ஒரு தகரப் பெட்டி. துணுக்காய்ப் பக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சுவருக்கு மருந்து அடிப்பார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஆட்களை எண்ணுவார். காய்ச்சல்காரரின் விரலில் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போவார். ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு அட்டை தொங்கும். அந்த வீட்டில் படுத்தெழும்புகிறவர்கள் எத்தனை பேர், பெயர் என்ன, வயது என்ன எல்லாம் அதில் இருக்கும்.

சனத்துக்கு அவர் வருவதில் விருப்பம் இல்லை. மருந்து அடித்தால் சுவர் வெள்ளை பூக்கும், பூனை சாகும். "மலேரியாக்காரன் வாறான், பூனையைப் பிடியுங்கோ!" என்று பெண்டுகள் கத்துவார்கள். அவர் சைக்கிளை விட்டு இறங்கமுதலே, "அக்கா, பூனைக்கு என்ன பேர்? அதையும் அட்டையில எழுதுவம்" என்பார்.

பெயர் கேட்பது அவருக்கு ஒரு நோய் மாதிரி. பேசத் தெரிந்த பிள்ளை என்றால் தாயிடம் கேட்கமாட்டார். பிள்ளையின் வாயாலேயே வரவேண்டும். அது வெட்கப்பட்டுத் தாயின் சேலைக்குள் ஒளித்தால், இவர் நிலத்தில் குந்திக்கொண்டு காத்திருப்பார். மற்ற மலேரியாக்காரர் பதினைந்து வீடு முடிக்கிற நாளில் இவர் ஒன்பது வீடு முடிப்பார். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்குவார். அடுத்த நாளும் அப்படித்தான்.

நான் அப்போது இளையதம்பி முதலாளியிடம் வண்டிக்காரன். வண்டியும் மாடும் என்னுடையவை, நாள் முழுக்க வேலை அவருடையது. முதலாளி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துணுக்காயில் காடு வெட்டி வயலும் மிளகாய்த் தோட்டமும் செய்தவர். நெற்றி நிறையத் திருநீறு. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். தைப்பொங்கலுக்கு வேலைக்காரர் எல்லாருக்கும் புது வேட்டி, சேலை. அந்த மனிதனைப் பற்றி அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் ஒரு குறை சொல்லியிருக்கமாட்டேன்.

தோட்டத்தின் தொங்கலில், கடைசி மூலையில், ஒரு மண் குடிசையில் காத்தாயி குடும்பம் இருந்தது. மலைநாட்டுச் சனம். காத்தாயி, புருசன் சின்னமுத்து, நாலு பிள்ளைகள். அவர்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு தரகன் வந்திருக்கிறான். வன்னிக்கு வந்தால் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் காணி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, முதலாளியிடம் இறக்கிவிட்டுப் போய்விட்டான். காணியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. விடிந்தால் மிளகாய்க் கன்று, பொழுதுபட்டால் குடிசை. சாப்பாடு கிடைத்தது. சம்பளத்தைக் கேட்டால், "எல்லாம் உங்கட காணிக்குத்தான் சேருது" என்று முதலாளி மெல்லச் சொல்வார்.

அவர்களுடைய கூப்பன் புத்தகங்கள் ஆறும் முதலாளியின் அலுமாரிக்குள் இருந்தன. கூப்பன் புத்தகம் இல்லாவிட்டால் சங்கக்கடையில் அரிசி கிடையாது. இன்ன ஆள் நான் என்று காட்டுவதற்கும் ஏழைச் சனத்திடம் அதைவிட வேறு கடதாசி இல்லை. வியாழக்கிழமை தோறும் முதலாளி புத்தகங்களை எடுத்து என்னிடம் தருவார். நான் மடியில் கட்டிக்கொண்டு போய் அரிசி எடுத்து வந்து காத்தாயியிடம் கொடுப்பேன். புத்தகங்களைத் திரும்ப அலுமாரிக்குக் கொடுத்துவிடுவேன். வேலைக்கு நிற்கிற சனத்தின் கூப்பனை முதலாளிமார் வாங்கி வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். சனத்துக்கு நாலு மைல் நடை மிச்சம் என்று அதை ஒரு உதவியாகத்தான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். காத்தாயி ஒவ்வொரு கிழமையும், "புத்தகம் பத்திரமா இருக்குங்களா?" என்று கேட்பாள். "இருக்கு, இருக்கு" என்பேன். இவளுக்கு எல்லாத்துக்கும் பயம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஸ்ரீபன் அந்தக் குடிசைக்கு அட்டை எழுத வந்த நாளில் முதலாளியும் கூட வந்து நின்றார்.

"தங்கச்சி, உம்மட பேர் என்ன?"

"காத்தாயி" என்றார் முதலாளி.

"புருசன்ர பேர்?"

"சின்னமுத்து" என்றேன் நான்.

ஸ்ரீபன் பென்சிலைக் காதில் செருகினார். "ஏரம்பு, நீ ஏன் அவருக்கு வாயாய் நிக்கிறாய்? அவருக்குப் பல்லு வலியோ?"

நான் சிரித்தேன். முதலாளியும் சிரித்தார். காத்தாயி சிரிக்கவில்லை. ஆறு பேரும் ஒவ்வொருவராக வாய் திறந்து சொல்லும்வரை ஸ்ரீபன் அந்த வெயிலில் நின்றார். மூத்தவள் தெய்வானை, பதின்மூன்று வயது, வலது புருவத்தில் ஒரு தழும்பு. கடைக்குட்டிக்கு நாலு வயது. அட்டையில் ஆறு என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டார்.

அடுத்த மாதம் வந்தபோது முதலாளி இல்லை. நான் விறகு ஏற்றிக்கொண்டு நின்றேன். ஸ்ரீபன் எண்ணினார். ஐந்து பேர்தான்.

"தெய்வானை எங்கை?"

"முதலாளியின்ர மச்சான் வீட்டில குழந்தை பார்க்க விட்டிருக்கு" என்றேன். "பெரிய வீடு. அவளுக்கு அங்கை ஒரு குறையும் இல்லை."

"எந்த ஊர்?"

"டவுன் பக்கம் எங்கையோ."

"தாய்க்குத் தெரியுமோ?"

காத்தாயி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். காய்ச்சல் என்று சொல்லி விரலை நீட்டினாள். அவர் குத்திக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "ஐயா, இது என்ன ஊருங்க?" என்றாள்.

"துணுக்காய்."

"அது எந்தப் பக்கமுங்க? ரயில் கோச்சி எங்க ஓடுது?"

அவள் வந்து பதினாலு மாதம். எனக்குச் சிரிப்பு வந்தது. "இவ்வளவு நாளும் இருந்த ஊர் தெரியாதோ உனக்கு?" என்றேன்.

ஸ்ரீபன் ஊசியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "ஏன் தங்கச்சி, வெளியில போய்ப் பாக்கேல்லையோ?"

"போனா பொலிசு புடிச்சு, கள்ளத்தோணின்னு இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்கன்னு மொதலாளி சொன்னாருங்க. புத்தகமும் கையில இல்ல. புள்ளய வேற கொண்டுபோயிட்டாங்க. நாங்க எங்கயாச்சும் போயிட்டா அது திரும்பி வந்து எங்கள எங்கன்னு தேடும்?"

"கூப்பன் புத்தகம் ஆரிட்ட?"

"முதலாளியிட்ட. நான்தானே அரிசி எடுத்துக் குடுக்கிறன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "அட்டையில ஐஞ்சு எண்டு மாத்துங்கோவன்."

"மாத்தேலாது. அந்தப் பிள்ளை எங்கை படுக்குது எண்டு தெரிஞ்சால்தான் இதில வெட்டலாம்."

வாசல் படலை வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். "ஏரம்பு, இந்தச் சனம் போக நினைச்சால் போகலாமோ?"

"ஏன் போகேலாது? வேலியும் இல்லை, சங்கிலியும் இல்லை. அதுகளாத்தான் போகுதில்லை."

"ம்" என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வெகு காலம் கழித்து அவருடைய மனைவி யூலிற்றா அக்கா சொல்லித்தான் அறிந்தேன். மாதக் கடைசியில் மலேரியாக்காரர் எல்லாரும் கிளிநொச்சியில் கூடுவார்கள். ஸ்ரீபன் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு துண்டு கொடுத்தாராம். 'தெய்வானை, வயது 13, வலது புருவத்தில் தழும்பு. எந்த வீட்டில் கண்டாலும் எனக்குச் சொல்லவும்.' பொலிஸ்காரர் வந்தால் ஒரு வீட்டுக்காரன் வாசலிலேயே கதிரை போட்டு இருத்திக் கதைத்து அனுப்பிவிடுவான். மலேரியாக்காரனை அப்படி அனுப்ப ஏலாது. அவன் அறைக்குள்ளும் வருவான், சமைக்கிற குசினிக்குள்ளும் வருவான், விறகுக்குப் பின்னாலும் மருந்து அடிப்பான்.

மூன்றாம் கிழமை வவுனியாவில் வேலை செய்த மலேரியாக்காரர் ஒருவரிடமிருந்து ஆள் மூலம் செய்தி வந்தது. ஒரு பெரிய வீட்டில், குசினிக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் ஒரு பெட்டைப் பிள்ளை படுக்கிறாள். வீட்டு அட்டையில் அவள் இல்லை. பெயர் கேட்டால் வீட்டுக்கார அம்மா, "பொன்னி. எங்கட பிள்ளை மாதிரித்தான்" என்றாவாம். பெட்டையும் தலையாட்டியிருக்கிறாள். அவர் பம்பைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போனபோது பின்னால் வந்து, "தெய்வானைங்க" என்றிருக்கிறாள்.

அந்த மனிதரும் ஸ்ரீபனின் கூட்டாளிதானே. அடுத்த நாள் போய், "அம்மா, இந்தப் பிள்ளையின்ர இரத்தத்தில பூச்சி கிடக்கு. வைச்சிருந்தால் உங்கட பிள்ளையளுக்கும் வரும். நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்" என்றாராம். அந்த அம்மா பெட்டையின் உடுப்புப் பொட்டலத்தைத் தானே கட்டி வெளியே வைத்து, கையையும் கழுவினாவாம்.

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. புதன்கிழமை பின்னேரம் ஸ்ரீபன் என் வீட்டுக்கு வந்தார். "ஏரம்பு, அந்தக் குடிசைச் சனத்தின்ர இரத்தம் சரியில்லை. நாளைக்கு ஐஞ்சு பேரையும் டிஸ்பென்சரிக்கு வண்டியில ஏத்திக்கொண்டு வா. இரண்டாந்தரம் குத்தவேணும். முதலாளிக்குச் சொல்லிப்போட்டன். தோட்டம் முழுக்கக் காய்ச்சல் பரவும் எண்டவுடன அவர் சரி எண்டிட்டார்."

இதுதான் அந்தப் பொய். மறுநாள் வியாழக்கிழமை. கூப்பன் புத்தகங்கள் எப்படியும் என் மடியில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

விடிய வண்டியைப் பூட்டிக்கொண்டு போனேன். காத்தாயி வரமாட்டேன் என்றாள். கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கள வேற எடத்துக்குக் கொண்டுபோறீங்க. பெரிய புள்ள வராம நான் இந்த எடத்த விட்டு வரமாட்டேங்க."

"விசரோ உனக்கு? குத்திப்போட்டுத் திரும்பி வாறதுதானே!" என்று நான் கத்தினேன். சின்னமுத்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் அசையவில்லை. மாடும் பொறுமை கெட்டு நிலத்தை உதைத்தது. "ஸ்ரீபன்தான் வரச்சொன்னவர். அந்த அட்டைக்காரர்" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் கையை விட்டு அட்டையைக் கழற்றி, சேலைக்குள் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். அதில் அப்போதும் ஆறு என்றுதான் இருந்தது.

டிஸ்பென்சரிக்கு முன்னால் மாங்குளம் பஸ் நின்றது. பாலை மரத்துக்குக் கீழே ஸ்ரீபன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் தெய்வானை. வண்டி நிற்கமுதல் காத்தாயி இறங்கிவிட்டாள். அவள் கத்தவுமில்லை, அழவுமில்லை. நடந்து போய்ப் பிள்ளையின் புருவத்தில் இருந்த தழும்பைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். சின்னமுத்து அப்படியே றோட்டில் குந்திவிட்டான்.

"இவள் எப்பிடி இங்கை?" என்றேன்.

"ஏரம்பு, புத்தகத்தை எடு."

"முதலாளி கேட்டால்..."

"அதில முதலாளியின்ர பேர் எழுதிக்கிடக்கோ எண்டு பார்."

மடியை அவிழ்த்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆறு பெயரை வாசிக்க அது போதும். "ஒவ்வொண்டாய் வாசிச்சு அவையவையின்ர கையில குடு" என்றார். வாசித்தேன். ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். கடைக்குட்டியும் இரண்டு கையையும் நீட்டி வாங்கியது. பஸ் கொண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "என்ன, ஏறுறியளோ, இல்லாட்டி இங்கை பள்ளிக்கூடம் நடத்துறியளோ?" என்று கத்தினார்.

அவர்கள் ஏறினார்கள். ஸ்ரீபனும் ஏறினார். நான் வெறும் வண்டியோடு திரும்பி வந்தேன்.

முதலாளி அதட்டிப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று என் மாட்டின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அது உண்மை, அவருக்கும் அது தெரிந்தது. ஆனாலும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பிறகு ஸ்ரீபனிடம் போய்ப் பொலிசுக்குப் போவேன் என்றிருக்கிறார். "வாங்கோ முதலாளி, நானும் வாறன். வவுனியாவில பொன்னியாய் நிண்ட பிள்ளையின்ர கதையையும் சேர்த்துச் சொல்லுவம்" என்றாராம் ஸ்ரீபன். முதலாளி போகவில்லை.

அடுத்த ஞாயிறு நான் ஸ்ரீபனின் வீட்டுக்குப் போனேன். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் காட்டிக்குடுப்பன் எண்டோ?"

"வேலியும் இல்லை, சங்கிலியும் இல்லை எண்டவன் நீதானே. சங்கிலி உன்ர மடியில கிடந்தது, ஏரம்பு. கிழமைக்குக் கிழமை நீதான் கொண்டு திரிஞ்சனி."

எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. எழும்பி நடந்தேன். குசினிக்குள்ளிருந்து யூலிற்றா அக்கா, "அவரோட கோபம் சரி, என்ர தேத்தண்ணியோட என்ன கோபம்?" என்று கத்தினா. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே ஸ்ரீபன்தான் எனக்கு வேலையும் தேடித் தந்தார். கிளிநொச்சிக் குடியேற்றத்தில் பத்மாசனி அக்கா என்று ஒரு கைம்பெண், மூன்று ஏக்கர் வயல் வைத்திருந்தா. காத்தாயி குடும்பத்தைத் தன் வளவின் ஒரு பக்கத்தில் குடியிருத்தியதும் அவதான். நெல் ஏற்ற வண்டிக்காரன் வேண்டும் என்று சொல்லி அனுப்பினா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதி இல்லை.

அங்கே போன முதல் நாள் காத்தாயி எனக்குச் சோறு போட்டாள். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னுடைய புத்தகத்தோடு தானே சங்கக்கடைக்கு நடந்து போய் வந்தாள், மழை நாளிலும். "குடுங்கோவன், வண்டியில போறன்தானே" என்று நான் ஒருநாள் வாய்தவறிக் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் மாடே திரும்பிப் பார்த்தது. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். சின்னமுத்து வளவுக்குள் வாழை வைத்தான். ஐந்தாறு வருசத்தில் அந்தக் குடிசை இரண்டு அறையும் தகரக் கூரையுமாக மாறியது. மாதக் கடைசிக் கூட்டத்துக்கு வரும்போது ஸ்ரீபன் அங்கேயும் வந்து அட்டையில் ஆறு என்று எழுதிவிட்டு, அங்கேயே சாப்பிட்டு, நல்ல நித்திரையும் கொண்டு போவார்.

காய்ச்சல் குறைந்து குறைந்து இல்லாமலே போனது. ஆனாலும் அவர் அட்டையைப் பார்ப்பதை விடவில்லை. மலேரியாக்காரர் இன்னும் இரண்டு இடத்தில் இப்படிச் சனத்தைக் கண்டுபிடித்தார்கள். மாங்குளத்தில் சனம் ஏற்றிய லொறி நின்றால் நானும் சும்மா போகமாட்டேன். வண்டியை நிறுத்தி, எங்கே போகிறீர்கள், யார் கூட்டிக்கொண்டு போகிறான், உங்கள் புத்தகம் உங்கள் கையில் இருக்கிறதா என்று கேட்பேன். ஒரு சாரதி என்னை அடிக்க வந்தான். அதையெல்லாம் நான் ஸ்ரீபனுக்குச் சொன்னதில்லை. அவரோடு பேசுவேன், சிரிப்பேன். ஆனால் அந்தப் பொய் உள்ளே கிடந்தது.

இந்தத் தையில் அவர் நெஞ்சில் நீர் கட்டிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் போனபோது யூலிற்றா அக்கா பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா. முதல்நாள் காத்தாயி வந்து போயிருக்கிறாள். தெய்வானைக்கு இப்போது இருபத்திரண்டு. ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. வவுனியாவில் கடை வைத்திருக்கிறானாம் மாப்பிள்ளை. சீதனம் வேண்டாமாம். அடுத்த கிழமையே கலியாணம் வைக்கவேண்டுமாம். சொல்லிக்கொண்டு வந்தவன் ஒரு தரகன்.

"நல்லவனாயும் இருக்கலாம்" என்றார் ஸ்ரீபன், மூச்சை எடுத்து எடுத்து. "சீதனம் வேண்டாம் எண்டுறவன் எல்லாம் கள்ளன் இல்லை. நானும் வாங்கேல்லை."

"வாங்க எங்கட வீட்டில என்ன கிடந்தது?" என்றா யூலிற்றா அக்கா.

அவர் சிரிக்கப் போய் இருமினார். பிறகு, "நான் போய்ப் பாக்கவேண்டியது. இந்தக் கோலத்தில ஏலாது. நீ போ, ஏரம்பு" என்றார்.

"நானோ? அண்டைக்கு என்னை நம்பாத ஆள் இண்டைக்கு நம்புறியளோ?" வாய் முந்திவிட்டது. நோயாளியிடம் கேட்கிற கேள்வியா அது?

அவர் என்னை வடிவாகப் பார்த்தார். "நம்பாமலோ உன்ர வண்டியைக் கேட்டனான்? உன்ர முகத்தில எல்லாம் எழுதிக்கிடக்கும், மடையா. நான் உண்மையைச் சொல்லியிருந்தால், முதலாளி விடியப்புறம் உன்னை ஒருக்காப் பார்த்திருந்தால் போதும். காத்தாயிக்குப் பிள்ளையும் இல்லை, புத்தகமும் இல்லை. உனக்குப் பொய் சொல்ல வராது. அதுக்காகத்தான் நான் உனக்குப் பொய் சொன்னனான்."

ஒன்பது வருசம். இதை முதலே சொல்லித் துலைத்திருக்கலாம். யூலிற்றா அக்கா ஒரு தோடம்பழச் சுளையை என் கையில் வைத்தா. நான் அதைச் சாப்பிட்டேன்.

"எப்ப போறது?" என்றேன்.

"நாளைக்கே போ. தரகனைக் கூட்டிக்கொண்டு போகாதை. கடை உண்மையிலை அவன்ரதோ எண்டு பக்கத்துக் கடையில கேள். தாய் தகப்பன் இருந்தால் அவையின்ர வீட்டுக்குப் போய் ஒரு நேரம் சாப்பிடு. எல்லாம் சரி எண்டு கண்டாலும் உடன நாள் வைக்க விடாதை. வந்து தெய்வானையைத் தனியக் கூப்பிடு. காத்தாயியும் நிக்கக்கூடாது. 'பிள்ளை, உனக்கு இதில விருப்பமோ?' எண்டு கேள். அவள் யோசிக்கவேணும் எண்டால், எத்தினை நாள் எண்டாலும் யோசிக்க விடு."